சிறு கணினியும் வீட்டு வலையமைப்பும்

மாணவர் செய்நிரல் எழுதிப் பழகுதற்கென இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆக்கப்பட்டது 'ராஸ்பெரி பை' என்னுஞ் சிறு கணினி. 2012ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதன் விலை 35 டொலர். அளவோ ஏறக்குறைய ஒரு வங்கி அட்டையினளவு. ஆயின் அவ்விலை வெறும் பலகைக்கு மாத்திரமே. மின்வழங்கி, நினைவட்டை, விசைப்பலகை, திரை யாவும் தனித்தனியே வாங்கவேண்டியவை. இவற்றுள் மின்வழங்கியிலே சிக்கனம் பார்த்தல் தகாது. மின்னழுத்தம் குறையுமாயின் கணினியின் வேகங் குன்றும். எழுதும் வேளையில் அது நின்றுவிடின் நினைவட்டையிலுள்ள கோப்புகளும் பழுதுறக்கூடும். பிள்ளைகளின் படங்களை அதிற் சேமித்து வைத்தோர் இதனை மறத்தலாகாது.

வீட்டாரனைவர்க்கும் பொதுவான கோப்புக் களஞ்சியமாக இதனை அமைக்க விரும்புவோர் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். முதல் மாதிரியின் வலைக்கம்பித் துறை வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேற் செல்லாது. 2019இல் வந்த நான்காம் மாதிரியே முழுக் கிகாபிட் வேகத்தைப் பெற்றது. பழையதோடு விலையுயர்ந்த கிகாபிட் சுவிட்சைப் பிணைத்தல், அகன்ற தெருவை ஒற்றையடிப் பாதையிற் கொண்டுபோய் முடிப்பது போலாம்.

ரவுட்டரைப் பொறுத்தவரை, 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமுடையதாயினும் தடித்த சுவர்களிலே விரைவில் மெலியும். கல்வீட்டின் பின்னறைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையே உதவும். பாவித்த ரவுட்டரை வாங்குவோர், அதன் உற்பத்தியாளர் பாதுகாப்புத் திருத்தங்களை இன்னும் வெளியிடுகின்றனரா என விசாரித்தறிக. அன்றேல், எவ்வளவு மலிவாயினும் அதனைக் கடையிலேயே விட்டுவருதல் நன்று.