வீதியில் நின்றவனின் கண்கள்

அமானுஷ்ய சக்தி படைத்த வீரனின் தோளருகே நின்றுகொண்டே உலகத்தைப் பார்ப்பது அமெரிக்கச் சித்திரக் கதைகளின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை விடுத்து, வீதியில் நிற்கும் ஒரு சாமானியனின் கண்களால் அவ்வீரர்களை அண்ணாந்து பார்த்த நூல், மார்வெல் நிறுவனம் 1994-இல் நான்கு பாகங்களாக வெளியிட்ட ‘மார்வெல்ஸ்’. கதையைக் கர்ட் பியூசிக் எழுத, சித்திரங்களை அலெக்ஸ் ராஸ் தீட்டினார். இவ்வகைக் கதைகளில் நான் வாசித்தவற்றுள் இதற்கே முதலிடம் அளிப்பேன்.

கதையை நடத்திச் செல்பவர் பில் ஷெல்டன் என்னும் நியூயார்க் பத்திரிகைப் புகைப்படக்காரர். தீப்பிழம்பாய் எரியும் ஹியூமன் டார்ச் 1939-இல் தோன்றியது முதலாகப் பழைய இதழ்களில் வந்த சம்பவங்களைச் சற்றும் மாற்றாமல், அவை நிகழ்ந்த வேளையில் தெருவில் நின்ற ஜனங்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதையே பியூசிக் புதிதாகச் சொல்கிறார். கறுப்புக் கோடுகளுக்குள் தட்டையாக நிறம் நிரப்புவதே பெருவழக்காயிருந்த அத்துறையில், ராஸ் உயிருள்ள மனிதர்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்து, அவற்றை ஆதாரமாகக் கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் ஓவியமாகவே தீட்டியமையால், வீரனின் உடையில் விழும் மடிப்பும், அவனைப் பார்ப்பவர் முகத்தில் படரும் பீதியும் ஒரே அளவுக்கு மெய்யாகத் தோன்றுகின்றன.

இம்முறையின் பலம் இரண்டாம் பாகத்தில் பூரணமாக வெளிப்படுகிறது. பிறவியிலேயே விசித்திர சக்திகளுடன் தோன்றிய ‘மியூட்டன்டு’களை ஊரே வெறுக்கிறது; ஆத்திரங்கொண்ட கும்பலோடு கலந்து நிற்கும் ஷெல்டன், தாமும் எக்ஸ்-மென் என்னும் மியூட்டன்டு வீரர்கள்மீது ஒரு செங்கல்லை வீசிவிடுகிறார். பின்னர், உருவம் வேறுபட்ட மியூட்டன்டுச் சிறுமி ஒருத்தியைத் தம் பெண்மக்கள் வீட்டிலேயே இரகசியமாக மறைத்து வைத்திருப்பதைக் காண்கிறார். கல்லெறிந்த கையும் அக்குழந்தைக்கு அடைக்கலம் தரும் வீடும் ஒரே மனிதனுடையவை என்னும்போது, துவேஷம் எங்கோ இருக்கும் துஷ்டர்களின் சொத்து என்று வாசகர் ஆறுதலடைய வழியே இல்லாமற்போகிறது.

பழைய இதழ்களை அறியாதவருக்குச் சில முகங்கள் விளங்காமற்போகலாம். அது இந்நூலின் குறையே. ஆயினும் இறுதிப் பாகத்தில், க்வென் ஸ்டேசி என்னும் இளம்பெண்ணைக் கிரீன் காப்ளின் என்னும் கொடியவன் பாலத்திலிருந்து தள்ள, ஸ்பைடர்மேனும் அவளைக் காக்க இயலாமற்போவதை ஷெல்டன் கண்ணாரக் காணும் இடத்திற்கு எந்த முன்னறிவும் வேண்டியதில்லை. இத்தகைய நிரபராதிகளைக் காப்பதற்கே அவ்வதிசய வீரர்கள் தோன்றினர் என்று நம்பத் தொடங்கியிருந்த ஒருவர், அந்நம்பிக்கை முறிந்த அளவில் காமிராவையே துறந்துவிடுகிறார்.

வீரர்களின் பராக்கிரமத்தை மட்டும் வர்ணிக்கும் கதை, எத்தனை மலைகளைப் புரட்டினாலும், நம் மனத்தை அசைப்பதில்லை. அப்பராக்கிரமம் யாருடைய வாழ்வின்மீது விழுகிறதோ அவரைக் காட்டும்போதுதான் அதற்குக் கனம் உண்டாகிறது. இவ்வுண்மையை உணர்ந்து அமைத்த காரணத்தாலேயே ‘மார்வெல்ஸ்’ சிறுவர்க்கான பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்து இலக்கியத்தின் அருகில் நிற்கிறது.