பழைய ஸ்னோமொபைலும் அதன் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்கி-டூ’வால் பரவலான ஸ்னோமொபைல், முன்னே சறுக்குக் கட்டைகளும் பின்னே சுழலும் ரப்பர் பட்டையும் கொண்டு பனிமீது ஓடும் வண்டியாகும். அதன் பழைய வகைகளில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் இன்ஜினால் இயங்குபவை. இவ்வகை இன்ஜினில், பெட்ரோலுடன் சேர்ந்து செல்லும் எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் உராய்விலிருந்து காத்துவிட்டுப் பின்னர் எரிந்து புகையாக வெளியேறுவதால், கலவையின் அளவில் நேரும் பிழை இன்ஜினின் ஆயுளையே குறைத்துவிடும்.

கோடை முழுவதும் நின்ற வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரை. அதில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்து, ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் திருகின் ஊசித்துளையை அடைத்துவிடும். வண்டி கிளம்பிவிட்டது என்பதற்காக நிம்மதி கொள்வதற்கில்லை. துளை அரைகுறையாக அடைபட்டு, பெட்ரோல் குறைந்து காற்று மிகும்போது எரிவெப்பம் உயர்ந்து பிஸ்டனின் தலையில் ஓட்டையே விழக்கூடும். குளிர் கூடக்கூடக் காற்று அடர்த்தியாவதால், அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டப் பெரிய துளையுள்ள ஜெட் தேவைப்படும் என்பது வெப்பநாட்டு வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். கிராங்க் தண்டின் முனைகளிலுள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து வெளிக்காற்றை உள்ளே விட்டாலும், காற்று மிகுந்து பிஸ்டனுக்கு அதே கேடுதான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உள்நிலை ஓரளவு விளங்கும்: நுனியிலுள்ள பீங்கான் பழுப்பு நிறமாயிருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரியும் ஈரமும் படிந்திருந்தால் மிகுதி. புதிய உதிரி பாகங்களுக்குச் செலவழிக்கும் முன், கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சிக்கனமான வழி.