கோட்டுக்கு இந்தப் பக்கம் – 9
மூன்றால் பெருக்கிய பெண்மணி

அமெரிக்காவில் சொந்தமாக மருத்துவ பாலிசி எடுப்பவருக்கு பிரீமியத்தில் ஒரு பங்கை அரசே கட்டும், எவ்வளவு என்பதை வீட்டு வருமானம் தீர்மானிக்கும் என்பது வரை போன வாரம் வந்தோம். ‘வீடு’ என்றால் யார் யார், மாமியார் கணக்கில் வருவாரா என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. மாமியார் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரட்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி இன்னொரு பெண்மணி குறுக்கே வந்துவிட்டார்.

இந்த மானியத்தைத் தரும் ஒபாமாகேர் சட்டம் வருமான வரம்பை டாலரில் சொல்லவில்லை. வறுமைக்கோட்டுக்கு இத்தனை மடங்கு என்றுதான் சொல்கிறது. மானியம் பெற ஒரு மடங்கிலிருந்து நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும். 2021-இல் அந்த மேல்வரம்பைத் தற்காலிகமாக எடுத்தார்கள். கெடு 2025 டிசம்பரோடு முடிந்தது. அங்கே அரசாங்கமே 43 நாள் முடங்கிக் கிடந்ததே, அந்தச் சண்டையின் நடுவில் இருந்தது இந்தக் கெடுதான். 2026 பாலிசிக்குத் தனியாள் ஒருவரின் கோடு 15,650 டாலர். நான்கு மடங்கு 62,600. சரியாக அவ்வளவு சம்பாதிக்கும் 60 வயதுக்காரர், அரசு அளவுகோலாக வைத்திருக்கும் பாலிசிக்கு வருமானத்தில் 9.96 சதவீதம், அதாவது மாதம் 520 டாலர் போலக் கட்டினால் போதும். மீதி அரசு. ஒரே ஒரு டாலர் கூடிவிட்டால் மொத்த பிரீமியமும் அவர் தலையில். அந்த வயதில் அது மாதம் ஆயிரத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

சரி, அந்த 15,650-ஐ யார் சொன்னது? இதைத் தேடிப் போய்த்தான் மோலி ஒர்ஷான்ஸ்கியிடம் மாட்டிக்கொண்டேன்.

1915-இல் நியூயார்க்கில் பிறந்தவர். உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பம், நிறையப் பெண் பிள்ளைகள், கைக்கும் வாய்க்குமான வாழ்க்கை. வேளாண்மைத் துறையில் குடும்பச் செலவுக் கணக்குகளோடு பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, சமூகப் பாதுகாப்புத் துறைக்கு மாறினார். ஏழைக் குழந்தைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, ஏழை என்று யாரைச் சொல்வது என்பதற்கு அளவே இல்லை. தனக்குத் தெரிந்ததை எடுத்தார்: வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியல். இருப்பதிலேயே மலிவான பட்டியல், கையில் காசில்லாத நெருக்கடிக்கு மட்டும் என்று துறையே சொல்லிவைத்தது. 1955-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்கள் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. ஆக, சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கு. வந்தது கோடு!

அதோடு விட்டாரா? ஆள் எண்ணிக்கை, பிள்ளைகள் எத்தனை, குடும்பத் தலைவர் ஆணா பெண்ணா என்று பிரித்து 124 கோடுகள் போட்டார். விவசாயக் குடும்பத்துக்குக் கோடு தாழ்வு, கொல்லையில் காய் விளையுமே! (1981 வரை அந்தக் கொல்லைக் கழிவு இருந்தது.) இன்னும் கொஞ்சம் தாராளமான உணவுப் பட்டியலை வைத்தும் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். அரசு மலிவானதை எடுத்துக்கொண்டது. அரசுகள் அப்படித்தான். 1969-இல் அதுவே அதிகாரபூர்வமானது. அதற்குப் பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி தொகையை ஏற்றுகிறார்களே ஒழிய, அந்த ‘மூன்று’ அப்படியே இருக்கிறது.

புதன்கிழமை காலை நானும் எங்கள் வீட்டு மளிகைச் சிட்டையை எடுத்தேன். பால், காய்கறி, போன மாதம் விருந்தாளிக்கு வாங்கிய முந்திரி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். மூன்றால் பெருக்கினால் 34,200. சாப்பாடு போக 22,800 மிஞ்ச வேண்டும். அதில் வாடகை 16,000. மீதி 6,800-இல் கரண்ட் பில், பஸ், பள்ளிக்கூடம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை. “முந்திரியை எடுத்துட்டுப் பெருக்குங்க” என்றாள் மனைவி. எடுத்தால் கோடு இன்னும் கீழே இறங்குகிறது!

எனக்கு உறைத்தது அந்த மாத்திரைதான். ஒர்ஷான்ஸ்கியின் கணக்கில் மருந்துக்கென்று தனித் தொகை கிடையாது. வாடகையோடும் துணிமணியோடும் சேர்ந்து அந்த மீதி இரண்டு பங்கில் எங்கோ ஒளிந்திருக்கிறது. ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் எண்ணிப் போட்ட கோடு, அறுபது வருஷம் கழித்து, யாருக்கு வைத்தியச் செலவில் கைகொடுப்பது என்று முடிவு செய்கிறது.

கோட்டின் கீழ்ப்பக்கக் கூத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் சட்டம் மானியத்தைக் கோட்டிலிருந்து தொடங்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் மெடிக்கெய்டை விரிப்பது மாநிலங்களின் இஷ்டம் என்றது. டெக்சாஸும் ஃபுளோரிடாவும் விரிக்கவில்லை. அங்கே பிள்ளைகுட்டியில்லாத, உடல் ஊனமில்லாத ஒருவர் 15,000 டாலர் சம்பாதித்தால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. 15,700 சம்பாதித்தால் வருஷத்துக்கு 330 டாலர் போலக் கட்டி பாலிசி எடுக்கலாம்.

உதவி ஆசிரியர் இரண்டாவது தடவை போன் செய்துவிட்டார், பக்கம் மூடுகிறதாம். மாமியாருக்கு அடுத்த வாரம். முன்பணமாக ஒன்று: ஒரே கூரை, ஒரே அடுப்பு என்றாலும், மருமகனின் வரிப் படிவத்தில் அவர் பெயர் இல்லையென்றால் அந்த வீட்டில் அவர் இல்லை.