ஐந்தாம் அச்சம்: கடலோரப் புதினங்களில் ஆண்மை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசு என்னும் நான்கினைச் சுட்டுகிறார். அவ்வியலில் அச்சம் மாந்தர் அனைவர்க்கும் பொது. களவியலுக்கு வந்தால் நிலை வேறு. அங்கே அச்சம் பெண்ணுக்குரிய இயல்புகளோடு சேர்க்கப்படுகிறது. ஆணுக்குப் பெருமையும் உரனும் உரியனவாகின்றன. அஞ்சுவது மனித இயல்பு. ஆயினும் அஞ்சியதாக ஆண் காட்டிக்கொள்ளலாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் நூற்பாவில் இடம்பெறாத ஐந்தாவது அச்சம் ஒன்று பிறக்கிறது. 'அஞ்சினான்' என்று பிறர் சொல்லிவிடுவரோ என்னும் அச்சம் அது.

இதனை உலக இலக்கியத்தில் மிகத் துல்லியமாகக் காட்டியவருள் ஒருவர் நைசீரிய எழுத்தாளர் சினுவா அச்செபி (1930-2013). இக்போ மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 1958இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய முதற்புதினத்தை என். கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்னும் பெயரில் தமிழாக்கியுள்ளார். அதன் தலைவன் ஒக்கொங்வோ பெயர்பெற்ற மல்லன். கிழங்கு விளைவிப்பதில் வல்லவன். அவனுடைய தந்தை உனோக்காவோ குழலிசையில் தோய்ந்தவர், கடனாளி, ஊர் வழங்கும் பட்டம் ஒன்றுகூடப் பெறாமல் மாண்டவர். அவரை 'அக்பாலா' என்று விளையாட்டுத் தோழன் ஒருவன் இகழ்ந்தது ஒக்கொங்வோவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிடுகிறது. அச்சொல் பெண்ணையும் குறிக்கும். பட்டம் பெறாத ஆணையும் குறிக்கும். நம் களவியல் நூற்பாவுக்கு இதைவிடச் சுருக்கமான உரை கிடைப்பது அரிது.

வேற்றூரிலிருந்து பிணையாக வந்து அவன் வீட்டில் வளர்ந்தவன் இகெமெஃபூனா. தந்தையென அழைத்துப் பழகிய பிள்ளை. அவனைக் கொல்ல ஊர் முடிவு செய்தபோது, "இதில் நீ கைவைக்காதே" என்னும் பொருள்பட ஊர் முதியவர் ஒருவர் எச்சரிக்கிறார். எனினும், வெட்டுண்ட சிறுவன் அடைக்கலம் தேடி ஓடிவருகையில் ஒக்கொங்வோவே அரிவாளை ஓங்குகிறான். மெலிந்தவன் என்று எண்ணப்படுவோமோ என்ற அச்சமே அவன் கையை ஓங்கச் செய்தது. பின்னர்ச் சமயப் பணியாளர்கள் வரும்போது அவனுடைய மகன் நுவோயி அவர்களிடம் சென்று சேர்கிறான். அந்தக் கொலை அம்மகனின் மனத்தில் விட்டுச்சென்ற வெற்றிடமே அவனை அழைத்துச் சென்றது. வெள்ளையர் அக்குடும்பத்தின் கதவை உடைத்து நுழையவில்லை. கதவு முன்னரே திறந்து கிடந்தது.

இப்பகுதியை வகுப்பில் விளக்கியபோது கடலோரக் குடும்பத்து மாணவர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் அவன் பயந்தவன்தானே, ஐயா? எங்கள் பாட்டனார், கடலுக்குப் பயமில்லை என்பவனை வள்ளத்தில் ஏற்றவே மாட்டார்" என்றார். அன்று பாடம் அதற்குமேல் நகரவில்லை. நம் முத்துக்கரையின் பழந்தொழிலையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அதற்குமுன் பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களைச் சார்ந்த இசுலாமியரும் ஒரே கடலில் குளியாட்களாக இறங்கினர். கல்லைக் காலிற் பற்றி அடியில் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளை அள்ளிக்கொண்டு, கயிற்றை அசைத்து மேலே குறிப்புக் காட்ட வேண்டும். கயிற்றைப் பிடிப்பவன் கைதான் அவன் உயிர். மனைவியின் உடன்பிறந்தானிடமே கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு. தங்கை கைம்பெண் ஆவதை எந்த அண்ணன் பொறுப்பான்! இதனினும் வியப்பானது 'கடல்கட்டி' என்னும் பதவி. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவர் அவர். அவர் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர். மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அரசே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரம் பலித்ததா என்பது வேறு வினா. உயிருக்கு அஞ்சுகிறோம் என்பதை இம்மண்ணின் வீரர்கள் கூட்டமாக நின்று வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதும், அவர்களை ஒருவரும் கோழையர் என்னவில்லை என்பதுமே இங்குக் கருதத்தக்கவை.

ஆனால் கரையேறியபின் கதை மாறிற்று. 1530களில் இக்கரையில் பரதவர்க்கும் இசுலாமியர்க்கும் மூண்ட பூசலுக்கு, இசுலாமியர் ஒருவர் பரதவர் ஒருவரின் காதணியைப் பிடுங்கிக் காதைச் சிதைத்ததே தொடக்கம் என்று ஏசு சபையாரின் ஏடுகள் கூறுகின்றன. முத்துச் சலாப உரிமைப் போட்டி அடியில் கனன்றுகொண்டிருந்தது உண்மை. எனினும் பற்றவைத்த பொறி, நாலுபேர் முன்னிலையில் பட்ட அவமானம். பரதவர் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1536, 1537ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் மரைக்காயர் கப்பற்படை தோற்றது. நம்மவர் ஒருவரின் கை ஓங்கியதையும் இதில் மறைக்காது சொல்லவேண்டியுள்ளது, பெரியோர் பொறுத்தருள்க. ஒரு காதுக்காக இரு சாராரும் கொடுத்த விலை கடலின் ஆட்சியே. போர்த்துக்கீசியருக்குப்பின் 1658இல் டச்சுக்காரரும், அவருக்குப்பின் ஆங்கிலேயரும் தூத்துக்குடியைக் கைக்கொண்டனர்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. அங்கே வெள்ளையர் இல்லை. அவர்களுடைய இடத்தில் லாஞ்சு வந்து நிற்கிறது. பாய்விரித்த வல்லத்தையே தன் உடம்பின் ஓர் உறுப்பாக எண்ணியவர் குரூஸ் மிக்கேல். வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஆசிரியப்பணியிலிருக்கும் மகன் செபஸ்தி கேட்கிறான். அக்கேள்வி அவருக்கு வரவுசெலவுக் கணக்காகத் தோன்றவில்லை. தம்மையே விலைபேசுவதாகத் தோன்றுகிறது. இறுதியில் வல்லமும் வீடும் கைமாறுகின்றன. அவருடைய அறிவும் தடுமாறிப்போகிறது. அதே வீட்டில் மகள் பிலோமி காதலனை இழக்கிறாள். இழந்தேன் என்பதை மறைக்காமல், வெறுப்பும் கொள்ளாமல் அவள் ஏற்றுக்கொள்கிறாள். புதினம் முழுவதிலும் உடையாதவள் அவளே. ஒக்கொங்வோ இகழ்ந்த 'பெண்மை' இதுவாயின், அதில் மெலிவு எங்கே இருக்கிறது?

கன்னியாகுமரியைக் கடந்து மேற்குக்கரைக்குச் சென்றால் நம் சமூகத்தின் கண்ணாடி கிடைக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் (1944-2019) எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாயிற்று. அதன் நடுநாயகம் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அவர் எதிர்க்கிறார். மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பதாகப் பேச்சு. கற்பதை வலியுறுத்தும் மார்க்கத்தில் அதற்கு இடமேது? ஏழையின் பிள்ளை படித்துவிட்டால் தம்முன் குனிந்து நிற்கமாட்டான் என்பதே அவருடைய உள்ளச்சம். குடும்பப் பெருமைக்காகத் தங்கை மகன் பரீதை ஒதுக்கி, மகள் ஆயிஷாவை வேறிடத்தில் மணமுடித்து அவள் வாழ்வையே சிதைக்கிறார். 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யின் முஸ்தபாக்கண்ணுவும் இவருடைய உறவினர் போலவே தோன்றுகிறார். முன்னோர் வீரத்தைப் பேசிக்கொண்டு வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுண்ணும் அவர், தம் வலிமையைப் பெண்கள்மீது ஓங்கும் பிரம்பில் காட்டுகிறார். நம் வீடுகளில் அப்பிரம்பு முற்றும் மறைந்துவிட்டதா என்னும் வினாவை இம்மலரைப் படிக்கும் இல்லங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

தூத்துக்குடியின் தோணி வாணிகத்தையும் பாண்டியபதியின் தேய்ந்த செல்வாக்கையும் 'கொற்கை'யில் விரித்துரைத்த ஜோ டி குருஸ், அதற்குமுன் 2004இல் வெளியிட்டது 'ஆழி சூழ் உலகு'. அளவில் கொற்கை பெரிது. என் நெஞ்சில் நின்றது முந்தையதே. மரம் சிதைந்து நடுக்கடலில் மூவர் தத்தளிக்கின்றனர்: கோத்ரா முதியவர், சூசை நடுவயதினர், சிலுவை இளைஞன். மூவரையும் தாங்க அந்தக் கட்டைக்கு வலுவில்லை. அங்கே ஊரில்லை, 'அஞ்சினான்' என்று சொல்ல நாவுமில்லை. குளிரும் பசியும் சாவச்சமும் மூவர்க்கும் பொதுவாக இருக்கின்றன; அவற்றை ஒருவருக்கொருவர் மறைக்கவுமில்லை. முதலில் கோத்ராவும், பின்னர்ச் சூசையும், இளையவன் கரைசேரட்டும் என்று பிடியை விடுகின்றனர்.