கோலியைத் தாண்டிப் போகும் குமிழி

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு இறங்கினால் தொண்டை முதலில் கேட்பது கோலி சோடாவைத்தான். இந்த முறை கடை வாசலில் நிற்கவில்லை. சோடா கம்பெனிக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்! வாங்க, கூடவே வாங்க. தரை வழுக்கும், பார்த்து.

கம்பெனி என்றால் தகரக் கூரையும் ஈரத் தரையும்தான். காலை வைக்க இடமில்லாமல் பாட்டில் பெட்டிகள், டப்பா நிறைய பழைய வாஷர்கள், எல்லாவற்றுக்கும் மேலே பன்னீர் எசன்ஸ் வாசனை. தொட்டியருகே ஓர் அக்கா பாட்டிலைக் கலகலவென்று குலுக்கிக்கொண்டிருக்கிறார். “கழுத்துல கோலி கிடக்கே, பிரஷ் எப்படிப் போகும்? குலுக்கித்தான் கழுவணும்” என்கிறார். அவர் முழங்கை வரை நனைந்திருக்கிறது.

உள்ளே இரும்புப் பெட்டி, கைச்சக்கரம், கேஸ் சிலிண்டர். “தம்பி, தள்ளி நில்லுங்க. பாட்டில் ஒண்ணு வெடிச்சாலும் சில்லு பெட்டிக்குள்ளேயே கிடக்கணும்” என்றபடி அண்ணாச்சி சக்கரத்தைச் சுற்றுகிறார். பனியன் முதுகோடு ஒட்டிவிட்டது. பாட்டில் தலைகீழாகும்போது கோலி வாய்ப்பக்கம் விழ, கேஸின் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். மூடியே வேண்டாம்! 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்ட உபாயம் இது. காளிமார்க் சோடா 1916-இல் பிறந்த விருதுநகர் மாவட்டத்தில் இந்தச் சக்கரம் இன்னும் சுழல்கிறது.

நான் காத்திருந்த காட்சி இனிமேல்தான். நிறைந்த பாட்டில் ஒன்றை அண்ணாச்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சட்டென்று கவிழ்த்தார். கழுத்தில் இருந்த வாயு ஒரே பெருங்குமிழியாகத் திரண்டு கிளம்பியது. கழுத்து நெரிந்த இடத்தில் மூக்கை நீட்டியது, இடுப்பு மெலிந்தது, நழுவி அந்தப் பக்கம் போனதும் வால் பொலபொலவென்று குட்டிக் குமிழிகளாகச் சிதறியது. அம்மாடி!

தடையே இல்லாத நேர்க்குழாயில் இந்தக் குமிழிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1950-இல் ஆய்வாளர்கள் டேவிஸும் ஜி.ஐ. டெய்லரும் காட்டியது: குமிழி எவ்வளவு நீளம் என்பது பொருட்டே இல்லை, குழாயின் அகலம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். இரண்டரை சென்டிமீட்டர் அகலக் குழாய்த் தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அகலம் அரை சென்டிமீட்டருக்கும் குறைந்தால் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். நடுவில் இடுக்கோ கோலியோ வந்தால்தான் நெளிவும் உடைப்பும்.

அடுத்து சோடாவை உடைத்து டம்ளரில் ஊற்றினார். “கழுத்துல இருக்கிற குழி கீழ இருக்கணும் தம்பி. மாத்திப் பிடிச்சா கோலி உருண்டு வந்து வாயை அடைச்சிடும்.” குழியில் கோலி உட்கார, சோடா வெளியே பாய, அது காலி செய்த இடத்துக்குக் காற்று ‘குளுக் குளுக்’ என்று கோலியை ஏறித் தாண்டி உள்ளே போனது.

அக்காவும் எட்டிப் பார்த்தார். “இத்தனை வருசமா கழுவுறேன், இதை நின்னு பாத்ததில்லையே! இன்னொண்ணு கவுத்துங்க அண்ணாச்சி!”

வாசலில் லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. அண்ணாச்சி இன்னொன்றைக் கவிழ்த்தார்.