அணைத்த பிறகும் ஓடும் மீட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் ஈ.பி. பில் வரும்போது ஒரு சின்ன விசாரணை நடப்பது வழக்கம். பருத்திப்பட்டில் உள்ள எங்கள் வீட்டிலும் நடந்தது. 2023 கோடையில் ரீடிங் எடுத்தபோது இரண்டு மாதத்திற்கு 528 யூனிட் என்று வந்தது. கட்டணம் 2,174 ரூபாய். அதுவரை 480-ஐத் தாண்டியதே இல்லை. மகள் பிளஸ் டூ போகிறாள் என்று அந்த ஏப்ரலில்தான் டெஸ்க்டாப் வாங்கியிருந்தோம். "இந்தப் பெட்டி வந்த நாள்லேருந்துதான்" என்று என் அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வரை போய்விட்டது.

48 யூனிட் அதிகமானதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். நம் ஊர் மின் கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு கோடு. 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆனால், 2.25 ரூபாய்க்குக் கிடைத்த அந்த 100 யூனிட்டும் 4.50 ஆகிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். பில் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் விகிதங்கள் மறுபடி உயர்ந்தன என்பதால் உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர்தான் குற்றவாளியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாட் அளக்கும் பிளக் மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு ஈ.பி. மீட்டரே இதைச் சொல்லும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு லைட் விட்டு விட்டு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதாவது 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம், அதாவது 3600 வினாடி. 1000-ஐ 3600-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 1125. இனி எளிது. ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடியோ, அதனால் 1125-ஐ வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். உங்கள் மீட்டரில் 1600 என்றிருந்தால் 2250-ஐ வகுங்கள். மீட்டரைத் தொடவோ திறக்கவோ வேண்டாம், பார்த்தால் போதும்.

ஒரு ஞாயிறு இரவு 11 மணிக்கு எல்லா விளக்கு, ஃபேன்களையும் நிறுத்தினேன். ஃபிரிட்ஜையும் அரை மணி நேரம் அணைத்து வைத்தேன். அதன் கம்ப்ரசர் நடுவில் ஓடினால் கணக்கு கெட்டுவிடும். கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்தேன். டிவி ரிமோட்டில் அணைந்திருந்தது. வீட்டில் எதுவுமே ஓடவில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். செல்போன் ஸ்டாப் வாட்சுடன் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் முன்னால் நின்றேன். 10 மினுக்கலுக்கு 150 வினாடி ஆனது. ஒன்றுக்கு 15 வினாடி. 75 வாட்! ஒரு வாட் இரவு பகலாக 60 நாள் ஓடினால் 1.44 யூனிட். 75 வாட்டுக்கு 108 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டையும் யாரும் தொடாமலே ஏதோ தின்றுகொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக பிளக்கைப் பிடுங்கி, மறுபடி எண்ணினேன். மகள் மேலே, நான் கீழே. இன்வெர்ட்டர் 25 வாட். அதன் பேட்டரி 6 வருடப் பழசு. பழைய பேட்டரி முழுதாக சார்ஜ் ஆன பிறகும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். செட்டாப் பாக்ஸ் 12 வாட். ரிமோட்டில் அணைத்தால் சில பாக்ஸ்களில் முன்னால் உள்ள லைட்தான் நிறம் மாறும். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எங்களுடையது அந்த ரகம். கம்ப்யூட்டர் மூலை முழுவதும், அதாவது யுபிஎஸ், சிபியு, மானிட்டர், ஸ்பீக்கர் சேர்த்து 15 வாட். மீதி ரவுட்டர், ஏசி ஸ்டெபிலைசர், டிவி, மைக்ரோவேவ் கடிகாரம் போன்றவை. செல்போன் சார்ஜருக்கு மீட்டர் அசையவே இல்லை. (ஒரு எச்சரிக்கை: மிகச் சிறிய லோடு மட்டும் தனியாக இருந்தால் சில மீட்டர்களில் லைட் மினுக்காது. அதனால்தான் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும்.)

ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டர் ஏன் மின்சாரம் எடுக்க வேண்டும்? பழைய ஏடி வகை கம்ப்யூட்டர்களில் முன்பக்க சுவிட்ச் மெயின் மின்சாரத்தையே துண்டித்துவிடும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் அந்த பட்டன் மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டுமே தரும். அந்த சைகைக்காகக் காத்திருக்க 5 வோல்ட் மின்சாரம் எப்போதும் உள்ளே வந்துகொண்டிருக்கும். அணைத்த பிறகும் மவுஸில் சிவப்பு லைட் எரிவது இதனால்தான்.

வீணாகும் இந்த மின்சாரத்தை 1 வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-ல் யோசனை சொன்னது. ஐரோப்பாவில் அது சட்டமாகி, 2013 முதல் அணைத்த நிலையில் அரை வாட்தான் என்று இறுகியது. அந்த ஐரோப்பிய விதியின் தடயம் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கலாம். பயாஸ் அமைப்பில் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'ஈஆர்பி' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதை எனேபிள் செய்தால் அணைத்த கம்ப்யூட்டர் எடுக்கும் மின்சாரம் வெகுவாகக் குறையும். ஆனால் அணைத்த கம்ப்யூட்டரின் யுஎஸ்பி-யில் செல்போன் சார்ஜ் ஆகாது. பயாஸ் உங்களுக்குப் புதிது என்றால் வேறு எதையும் அங்கே மாற்றாதீர்கள்.

சரி, கம்ப்யூட்டர் மூலைக்கு 15 வாட் என்றால் அம்மாவின் குற்றச்சாட்டு பொய்யா? முழுப் பொய்யும் இல்லை. இரவு படித்து முடித்ததும் என் மகள் அணைத்தது மானிட்டரின் பட்டனை மட்டும். "ஆஃப் பண்ணிட்டுத்தானேப்பா படுக்கறேன்" என்றாள். திரை கறுப்பானால் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள். சிபியு மட்டும் 45 வாட் எடுத்தபடி 9 மணி நேரம் சும்மா ஓடினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட். எங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியது பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய் 15 நிமிடத்தில் ஸ்லீப் ஆகும்படி வைத்தேன். யுபிஎஸ் போகும் பிளக் பாயிண்ட்டின் சுவிட்சைக் கடைசியில் அணைப்பது அவள் பொறுப்பு. ஷட் டவுன் கொடுத்து, ஃபேன் சத்தம் நின்ற பிறகுதான் அணைக்க வேண்டும். இப்படித் தினமும் துண்டித்தால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி சற்று சீக்கிரம் தீரும். தேதி, நேரம் தப்பாகக் காட்டினால் அதை மாற்றுங்கள், செலவு அதிகம் இல்லை. இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தால் அதன் பட்டனால் அணைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் மூடப்படாமல் இங்க் காய்ந்துவிடும்.

செட்டாப் பாக்ஸை சுவிட்சில் அணைக்க அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. மறுபடி படம் வர இரண்டு நிமிடம் ஆகிறதாம். இப்போது சீரியலுக்கு 5 நிமிடம் முன்பே போட்டுவிடுகிறார். ரவுட்டரை நான் அணைப்பதில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்த பில் 463 யூனிட், 1,503 ரூபாய். வெயில் தணிந்ததும் ஒரு காரணம். முழுப் பெருமையையும் சுவிட்சுக்குக் கொடுக்க முடியாது. டெஸ்க்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது. இன்வெர்ட்டரை அணைத்து வைப்பது எங்கள் தெருவில் நடக்கிற காரியம் இல்லை. அதன் பேட்டரி அடுத்த வருடம் தானாகவே உயிரைவிட்டது. புதியது மாட்டி, முழுதாக சார்ஜ் ஆன பின் ஒரு இரவு மறுபடி ஸ்டாப் வாட்சுடன் இறங்கி எண்ணினேன். 25 வாட் இருந்த இடத்தில் 11.