கல்விசார் கட்டுரை எழுதுதல்

கல்விசார் கட்டுரை என்பது ஒரு வினாவிற்குச் சான்றுகளின் துணையுடன் விடை காணும் உரைநடை ஆக்கம் ஆகும். திட்டமிடல், வரைவு, திருத்தம் ஆகியன இதன் படிநிலைகள்.

தலைப்பை வினாவாக மாற்றுவதே திட்டமிடலின் முதற்பணி. "கல்லணையின் வரலாறு" என்பது எல்லையற்று விரியும், "19ஆம் நூற்றாண்டு மாற்றங்கள் கல்லணைப் பாசனத்தை எவ்வாறு பாதித்தன?" என்பதற்கு விடை தேடலாம். முதல் வரைவில் நடையழகு முதன்மையன்று. முன்னுரையை இறுதியில் எழுதுவோரும் உளர்.

திருத்தம் பெரும்பாலும் எழுத்துப்பிழை நீக்கமாகவே சுருங்கிவிடுகிறது. அது போதாது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் மாறுகொளக் கூறல் (முன்பின் முரண்படுதல்), மற்றொன்று விரித்தல் (பொருளை விட்டு விலகுதல்), சென்று தேய்ந்து இறுதல் (போகப்போக வலுவிழத்தல்) ஆகியவை மாணவர் கட்டுரைகளில் இன்றும் மலிந்துள்ளன. கடைசியாகக் கூறியதற்குப் பெரும்பாலும் நேரமின்மையே காரணம் என்பதால், திருத்தத்தை இறுதிப் பத்திகளிலிருந்து தொடங்குவது நன்று.